பொது நன்மையும் ஊரவர் இசைவும்: மன்னார்த் தீவை முன்னிறுத்திய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

சிறியதைப் பெரியதன் பொருட்டுக் கைவிடலாம் என்னும் கருத்து மிகப் பழையது. மகாபாரதத்தில் விதுரன் எடுத்துரைக்கும் நீதிகளுள் அதுவும் ஒன்று. நாட்டின் பொருட்டு ஓர் ஊரைக் கைவிடுதலும் அந்நீதியினுள் அடங்கும். அது நாட்டோடு நின்றுவிடாது, ஆன்மாவின் பொருட்டு உலகையே துறக்கலாம் என்பதிற் சென்று முடிகின்றது என்பதை, அதனை எடுத்தாள்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஆட்சியாளர்க்கு வேண்டியது முற்பகுதி மட்டுமே போலும். ஆனால் அம்முற்பகுதியிலும் கேட்கப்படாத வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. கைவிடப்படும் ஊர் அதற்கு உடன்பட்டதா? உடன்பட்டதாயின் யார் வாயால் உடன்பட்டது? உடன்படவில்லையாயின் அந்த மறுப்புக்கு என்ன பெறுமானம்?

மன்னார்த் தீவில் அண்மை ஆண்டுகளில் எழுந்த பிணக்கு இவ்வினாவை ஏட்டிலிருந்து எடுத்து மணற்றரைக்குக் கொண்டுவந்துள்ளது. ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுடைய, கடல்மட்டத்தினின்றும் சிறிதே உயர்ந்த, பாலத்தாற் பெருநிலத்தோடு இணைக்கப்பட்ட மணற்றீவு அது. பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, தலைமன்னார் முதலிய ஊர்களிற் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கடலையும் பனையையும் நம்பி வாழ்கின்றனர். தீவின் தெற்குக் கரையோரமாக இலங்கை மின்சார சபையின் ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணை 2020 டிசெம்பரிற் திறந்துவைக்கப்பட்டது. காற்றாலைகள் 30, அவற்றின் மொத்த வலு 103.5 மெகாவாட். அது முதற்கட்டமே என்றும், காற்று வளம் மிக்க அத்தீவில் இன்னும் பல காற்றாலைகள் நிறுவப்படலாம் என்றும் எண்ணப்பட்டது. இதே காலத்தில் அவுஸ்திரேலியக் கம்பனியொன்று தீவின் மணலிலே துளையிட்டு, இல்மனைட் முதலிய கனிமங்களின் அளவை ஆய்ந்து வந்தது. ஒன்று காற்றைக் கேட்டது. மற்றையது மணலைக் கேட்டது. இரண்டுக்கும் எதிராக 2025 ஆகஸ்ட் முற்பகுதியில் மன்னார் நகரிலே தொடர் போராட்டம் ஆரம்பமாயிற்று. காற்றாலைப் பணிகள் ஒரு மாத காலம் நிறுத்திவைக்கப்பட்டன. பின்னர் அவற்றைத் தொடர அரசு தீர்மானித்தது. செப்ரெம்பர் 26ஆம் திகதி இரவு காற்றாலைப் பாகங்களை ஏற்றிய வாகனங்கள் பொலிஸ் பாதுகாப்புடன் தீவுக்குட் கொண்டுவரப்பட்டபோது, வழிமறித்த மக்களுக்கும் பொலிஸாருக்குமிடையே மோதல் ஏற்பட்டது. செப்ரெம்பர் 29ஆம் திகதி மன்னாரிற் கடையடைப்பு நடந்தது.

இத்தகைய பிணக்குகளில் அரசின் பக்கத்து வாதம் எப்போதும் எண்ணிக்கையிற் தொடங்கும். நாட்டிற்கு மின் வேண்டும். எரிபொருளை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டினால் நாடு பட்ட பாட்டை எவரும் மறந்திலர். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் தேவையை ஒரு சிறு தீவின் சில ஊர்கள் தடுக்கலாமா என வினவப்படுகின்றது. இது பெந்தம் வகுத்த பயன்வழிக் கொள்கையின் எளிய வடிவம். பெருந்தொகையினரின் பேரின்பமே சரிக்கும் பிழைக்கும் அளவுகோல் என்பது அக்கொள்கை. இதனை இகழ்தல் எளிது, ஆனால் இகழத்தக்கதன்று. தொற்றுநோய்த் தடுப்பும் இலவசக் கல்வியும் இவ்வகைக் கணக்கின் உதவியின்றித் தோன்றியிருக்கமாட்டா. மின்வெட்டு நேரத்திற் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே காத்திருந்த தாய்க்கும் மன்னாரின் காற்றில் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் இக்கொள்கையின் அடிப்படைக் குறையொன்றைச் சுட்டினார். தனியொருவன் நாளைய சுகத்துக்காக இன்றைய துன்பத்தை ஏற்பது போல, ஒரு சமூகமும் சிலரின் துன்பத்தைப் பலரின் சுகத்தோடு வைத்துக் கழித்துவிடலாம் என அது கருதுகின்றது. ஆனால் நோயாளி கசப்பு மருந்தை உண்ணும்போது கசப்பும் அவனுடையது, சுகமும் அவனுடையதே. தாழ்வுபாட்டில் ஒருவருடைய கிணறு உவர்க்க, கொழும்பில் மற்றொருவருடைய அறையிற் குளிர் வீசினால், அங்கே கழித்துப் பார்ப்பதற்கு ஒரே கணக்கேடு இல்லை. ஆட்கள் வேறு, ஆகவே ஏடுகளும் வேறு.

இவ்விடத்தில் ஒரு மறுமொழி எழுவதுண்டு. கிணறு உவர்க்கும் என்பதற்குச் சான்று எங்கே? மீன் குறைந்தது என்பதற்குப் புள்ளிவிபரம் எங்கே? இந்த வினாவே இப்பிணக்கின் நடுநாடி எனலாம். எனவே சற்று நின்று நோக்கற்பாலது.

மணற்றீவொன்றில் நன்னீர் இருப்பது ஓர் அதிசயமே. மழைநீர் மணலினூடு இறங்கி, உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகையால் அதன்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. டச்சுக்காரரான கைபென், ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைத்தால், கீழே நாற்பதடி அளவு உவர்நீர் மேலேறலாம். மணலை அகழ்ந்து, கனிமத்தைப் பிரித்து, எஞ்சியதை மீண்டும் அதே குழியில் நிரப்பிவிடுவோம் என்பது இத்தொழிலாளர் உலகெங்கும் தரும் விளக்கம். எடுக்கப்படுவது சிறு பங்குதான் என்பதும் உண்மையாகலாம். ஆனால் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு தீவிற் சிறு பங்கு என்பது சிறிதன்று. இவ்வாறு எடுக்கப்படும் இல்மனைட்டின் பெரும்பகுதி வெண்ணிற வர்ணப் பூச்சுக்கும் கடதாசிக்கும் வெண்மை ஊட்டும் பொருளாகின்றது. தொலைதேசத்துச் சுவரொன்று வெளுப்பதற்காக இங்கே ஒரு கிணற்றைப் பந்தயம் வைக்கலாமா என்பதே கேள்வி.

காற்றாலைகளைப் பற்றிய முறைப்பாடு வேறு வகையானது. காற்றாலைகளுக்காக உயர்த்தி அமைத்த வீதிகள் மழைநீர் கடலுக்கு ஓடும் பழைய வழிகளை மறித்தன என்றும், முன்னர் நீர் நில்லாத இடங்களில் இப்போது வெள்ளம் நிற்கின்றது என்றும் தீவு மக்கள் கூறுகின்றனர். கரையை அண்டி மீன் வருவது மாறிவிட்டது எனக் கரைவலை இழுப்போர் கூறுகின்றனர். வெள்ளம் பற்றிய கூற்று சமதரையிற் பெய்யும் மழையின் இயல்பை அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். மீன் பற்றியது ஆய்வுக்குரியது. ஆய்க! அதனை ஊரவர் மறுக்கவில்லை. ஆனால் ஆய்ந்து தீங்கை நிரூபிக்கும் கடமையை அவர்கள் தலையில் ஏற்றுவதிலேதான் அறப்பிழை நிகழ்கின்றது. வலையும் வள்ளமும் உடையவனிடம் ஆய்வுகூடத்தின் முடிவைக் கேட்பது, அவன் பேசும் மொழியில் அவன் பேச்சைக் கேட்கமாட்டோம் என்பதற்கு ஒப்பாகும். சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்பவற்றைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் அவர்கள். காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவர்களிடம் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேளாமல் அதன் வேகத்தை மட்டும் அளந்துகொண்டு போனமை வேடிக்கையே.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பு. பாண்டியனின் குற்றம் யாது? அவன் கொடியவனல்லன். திருடனுக்குத் தண்டனை என்ற பொது நன்மையையே அவனும் காத்தான். ஆனால் ஆராயாமற் செயற்பட்டான். ஆராயும் பொறுப்பு இழந்தவள் மீது விழுந்தது. அவள் சிலம்பை உடைத்துச் சான்று காட்டியபோது சான்று தவறாமற் கிடைத்தது, கோவலன் கிடைக்கவில்லை. கட்டி முடித்த பின் தீங்கை நிரூபியுங்கள் எனக் கேட்கும் ஒவ்வொரு திட்டத்திலும் இக்கால முறைமாற்றம் உண்டு. உவர்த்துப்போன கிணறு மிகச் சிறந்த சான்றுதான். அதற்குப் பின் அச்சான்றினாற் பயன் என்ன? ஆகவே புதியதொன்றைக் கொண்டுவருபவனே அது தீங்கற்றது எனக் காட்டக் கடமைப்பட்டவன். ஏற்கனவே இருப்பவன் இருப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவன் அல்லன்.

மறுப்பின் பெறுமானம் நடைமுறையில் எவ்வளவு என்பதற்கு அதானி நிறுவனத்தின் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட் என வகுக்கப்பட்ட அத்திட்டத்துக்கு எதிராக ஊரவரும் சூழலியலாளரும் குரல் எழுப்பினர். உயர் நீதிமன்றத்திலே மனுக்களும் தாக்கல் செய்யப்பட்டன. (கொழும்பில் எழுந்த குரல்கள் மத்திய ஆசியாவிலிருந்து இவ்வழியே வந்துபோகும் பறவைகளைப் பெரிதும் முன்னிறுத்தின. வங்காலையின் பூநாரைகளுக்குக் கிடைத்த வழக்கறிஞர்கள் மீனவர்க்கும் அதே விரைவில் கிடைத்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.) 2024இல் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என விலை அங்கீகரிக்கப்பட்டது. அவ்வாண்டு வந்த புதிய அரசு விலையை மீளாய்வு செய்ய முற்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. ஊரவர் வேண்டாம் என்றமை தடுத்து நிறுத்தாத ஒன்றை, விலை அதிகம் என்பது தடுத்து நிறுத்திற்று. சதக் கணக்குக்கு இருக்கும் செவி மனிதர் மறுப்புக்கு இல்லை என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது.

இக்கரைக்கு இது புதிதுமன்று. 1906இல் பிரித்தானிய அரசு மன்னார்க் குடாவின் முத்துப்பார்களைக் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. முந்திய ஆண்டின் முத்துச்சலாபம் ஈட்டிய பெருவருவாய் கண்ணை மறைத்திருந்தது. ஒரு சில ஆண்டுகளில் வளங் குன்றிக் கம்பனியும் நட்டப்பட்டுக் கலைந்தது. கணக்குப் பார்த்தவர்கள் இலண்டனுக்குத் திரும்பினர். வெறும் பாரோடு கரை கிடந்தது.

இப்பிணக்கை வடக்கு, தெற்கு என்னும் பழைய பிணக்கின் கிளையாக மட்டும் காண்போர் எப்பாவலவை நினைத்தல் நன்று. அநுராதபுர மாவட்டத்துச் சிங்கள விவசாயக் கிராமமாகிய அங்கே, பொஸ்பேற்றுப் படிவத்தை வெளிநாட்டுக் கம்பனியுடன் சேர்ந்து அகழ்வதற்கு அரசு உடன்படிக்கை தயாரித்தது. ஊரவர் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளன் அல்லன், காவலனே என்னும் கருத்தை நிலைநாட்டிற்று. முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இன்றி உடன்படிக்கை செய்யலாகாது எனப் பணித்தது. மகிந்த தேரர் தேவநம்பியதீச மன்னனுக்கு நிலத்தின் காவலனே நீ என உரைத்த மரபும் அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. எப்பாவலவின் மண்ணுக்குப் பொருந்தும் நியாயம் மன்னாரின் மணலுக்குப் பொருந்தாதெனில், அதற்கான காரணத்தை அறநூலிற் தேடிப் பயனில்லை.

இதுவரை கூறியன ஊரவர் பக்கத்தை வலுப்படுத்துவன. இனி, அவர்கள் பக்கத்தை உண்மையாகவே சோதிக்கும் வினா ஒன்று உண்டு. அது கொழும்பிலிருந்து வருவதன்று, கற்பிட்டியிலிருந்து வருவது.

மன்னாரிற் காற்றாலை சுழலாத ஒவ்வொரு நாளும் வேறெங்கோ ஏதோ எரிகின்றது. அதிலே பெரும்பங்கு நுரைச்சோலையில் எரிகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டில் அமைந்த 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தையும் அவ்வூர் மீனவரும் திருச்சபையினரும் ஒருகாலத்தில் எதிர்த்தனர். எதிர்ப்பை மீறி அது கட்டப்பட்டு, 2011 முதல் 2014 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கியது. சாம்பலையும் தூசையும் பற்றிய முறைப்பாடுகள் அங்கே ஓய்ந்தபாடில்லை. புத்தளமும் கற்பிட்டியும் யார் வாழும் இடங்கள்? 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து கையிற் கிடைத்ததோடு போனவர்களுட் பெருந்தொகையினர் குடியேறிய இடங்களே அவை. ஒரே ஊரின் ஒரு பாதி காற்றாலையை எதிர்க்க, மறு பாதி நிலக்கரித் தூசைச் சுவாசிக்கின்றது என்று கூறின் அது முற்றிலும் மிகையாகாது. அன்றும் எவரும் அவர்களிடம் இசைவு கேட்கவில்லை. ஓர் இனத்தின் பொது நன்மை என்ற பெயரால் அவர்கள் கைவிடப்பட்டனர் என்பதையும் மறைக்காது கூறுதல் வேண்டும்.

ஆகவே ‘வேண்டாம்’ என்பது வெற்றுச் சொல்லன்று. அதுவும் ஒரு செயலே. அதன் சுமை எங்கோ ஒருவர் தோளில் இறங்கவே செய்யும். நிராகரிப்பவனுக்கு இதனால் உரிமை இல்லாமற் போவதில்லை. ஆனால் அவனுக்கும் ஒரு கடமை பிறக்கின்றது. எங்கள் ஊரில் வேண்டாம் என்பதோடு நின்றுவிடாமல், எங்கே, எவ்வாறு, எவ்வளவு என்ற வினாக்களுக்கும் அவன் முகங்கொடுக்க வேண்டும். மன்னார் மக்களின் கோரிக்கையைக் கூர்ந்து கேட்போர்க்கு, காற்றையோ மின்னையோ அவர்கள் பகைக்கவில்லை என்பது புலனாகும். மக்கள் நெருங்கி வாழும் சிறு தீவினுள் இனியும் வேண்டாம் என்பதே அவர்தம் கூற்று. காற்றாலையை நகர்த்தலாம்; வேறு தரையில் நடலாம்; ஆண்டுகள் கழிந்தபின் கழற்றவும் செய்யலாம். இங்கே பேச இடமுண்டு. பேசிய பின் ஊரவர் சிறிது விட்டுக்கொடுத்தலும் அறத்துக்கு முரணாகாது.

மணல் அத்தகையதன்று. நன்னீர் வில்லை உடைந்தால் அதனை ஒட்ட வழியில்லை. இன்றுள்ளோர் அனைவரும் கையொப்பமிட்டு இசைந்தாலும், இனிப் பிறந்து அக்கிணற்றில் அள்ளவேண்டியவர் சார்பில் இசையும் அதிகாரம் அவர்களுக்கு உண்டா என்பது ஐயமே. எனவே காற்றாலைக்கு எதிரான மறுப்பு நிபந்தனைக்குட்பட்டது என்றும், மணல் அகழ்வுக்கு எதிரானது நிபந்தனையற்றது என்றும் கொள்வதே பொருத்தம். போராட்டத்தில் இரண்டும் ஒரே பதாகையில் எழுதப்பட்டமை தர்க்கக் குறைபாடு எனப் படித்தோர் சிலர் குறை கூறுகின்றனர். குறை அங்கே இல்லை. ஒன்றிற் கேளாமல் வந்தவன் மற்றொன்றிலும் கேளாமலே வருவான் என்று அஞ்சுபவனிடம் இரண்டையும் பிரித்துப் பார் என்று கூறுவதற்கு முன்னர், அவ்வச்சத்தை நீக்கும் கடமை யாருடையது என்பதைக் குறை கூறுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கேட்டல் என்பதும் பெயரளவில் நிகழக்கூடியதே. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988இற் கொண்டுவரப்பட்ட திருத்தம், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாட்கள் கருத்துக் கூற இடமளிக்கின்றது. அக்காலத்தில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் திட்டமும் இடமும் முதலீட்டாளரும் முடிவாகிய பின் முப்பது நாட் கருத்துக் கேட்டல், அழைப்பிதழ் அச்சிட்ட பின் மணமகளிடம் சம்மதம் கேட்பது போன்றது. அவள் தலையசைப்பாள், வேறென்ன செய்வாள்? ‘இல்லை’ என்ற விடையால் எதுவும் மாறாதெனில் அங்கே கேட்டலே நிகழவில்லை. திட்ட வரைபடத்தில் இடம் குறிக்கப்படுவதற்கு முன்னரே, வெள்ளம் ஓடும் வழிகளை ஊரவர் நடந்து காட்டவும், மாற்றிடங்களின் செலவு அவர்கள் மொழியில் அவர்கள் முன் வைக்கப்படவும், உற்பத்தியாகும் மின்னின் வருவாயிற் தீவுக்கு உரிய பங்கு எழுத்தில் உறுதியாகவும் ஒழுங்கு செய்வது இயலாத காரியமன்று. அவ்வாறான பேச்சிற் கற்பிட்டியாருக்கும் ஓரிடம் இருத்தல் முறை. நிலக்கரியின் சுமையையும் காற்றாலையின் சுமையையும் அறிந்த இரு கரையாரும் ஒரே பாயில் இருந்து பேசுவதற்கு இதுவரை எந்தத் திணைக்களமும் அழைப்பு விடுத்ததாகத் தெரியவில்லை. அப்படி ஒரு கூட்டம் கூட்டப்படின், எருக்கலம்பிட்டியிலிருந்து போனவர்களுக்கே முதல் அழைப்பு அனுப்ப வேண்டியிருக்கும்.